வீட்டு லத்தீன்: ஒரு வரவு செலவுக் கணக்கு

1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி சேயர்ஸ் ஆற்றிய ஓர் உரையில் 50 என்ற எண் வருகிறது. லத்தீனை மேலோட்டமாகத் தெரிந்துவைத்திருந்தால்கூட, ஏறக்குறைய எந்தப் பாடத்தையும் கற்கும் உழைப்பில் குறைந்தது 50 விழுக்காடு மிச்சமாகும் என்றார் அவர். சேயர்ஸ் துப்பறியும் கதைகளால் புகழ்பெற்றவர். தாந்தேயை ஆங்கிலத்தில் தந்தவர். குருவானவரான தந்தையிடம் ஏழு வயது நிறையும் முன்பே லத்தீன் கற்கத் தொடங்கியவர். 'கற்றலின் தொலைந்த கருவிகள்' என்பது அந்த உரையின் தலைப்பு. 44 ஆண்டுகள் கழித்து, 1991இல், டக்ளஸ் வில்சன் அந்தத் தலைப்பைத் தழுவியே ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி என்ற இயக்கம் அதன்பின் வேகம் பிடித்தது. 1994இல் கென்டக்கியில் செரில் லோவ் மெமோரியா பிரஸ் பதிப்பகத்தைத் தொடங்கினார். 1997இல் வட கரோலினாவில் லீ போர்ட்டின்ஸ் தொடங்கிய கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ், வீட்டுக்கல்விக் குடும்பங்களை வாரம் ஒருநாள் ஒன்றுகூட்டியது. 1999இல் ஜெஸ்ஸி வைஸும் மகள் சூசன் வைஸ் பாயரும் எழுதிய 'தி வெல் டிரெயின்ட் மைண்ட்' வெளிவந்தது. லத்தீனே படித்திராத பெற்றோர் பிள்ளைக்கு லத்தீன் சொல்லித்தரத் துணிந்தது இந்தப் பத்தாண்டில்தான்.

அந்த 50 விழுக்காடு இன்றும் பாட அட்டவணைகளுக்கு நியாயமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அது வரவுப் பக்கத்தில் மட்டும் எழுதப்பட்ட எண். செலவுப் பக்கத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும்: எத்தனை டாலர், எத்தனை மணி நேரம், எத்தனை விகுதி, எத்தனை சொல். அதன் பிறகு, கைக்கு வந்தது எத்தனை பக்கம் என்று கேட்க வேண்டும். வீட்டு லத்தீனில் பணம் ஒரு பொருட்டே அல்ல, தாயின் நேரமே பெரிய முதலீடு, அந்த முதலீட்டுக்கு ஈடாகப் பல வீடுகளில் வருவது மிகமிகக் குறைவான வாசிப்பு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. வாசிப்பைக் கூட்ட வழி உண்டு. அது அந்த வீட்டின் அலமாரியிலேயே இருக்கிறது.

முதலில் தலைக்கணக்கு. 1900ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய பாதி மாணவர்கள் லத்தீன் படித்தார்கள். 1962இல் அந்த எண்ணிக்கை 7,02,000. 1976இல் 1,50,000. பதினான்கே ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு காணாமல் போயிற்று. கல்லூரிகள் மொழி நிபந்தனையைத் தளர்த்தின. கத்தோலிக்கத் திருப்பலி தாய்மொழிகளுக்கு மாறியது. பள்ளிகள் அறிவியலுக்கும் ஸ்பானியத்துக்கும் நேரம் ஒதுக்கின. 2014–15 கல்வியாண்டைப் பற்றிய நாடளாவிய கணக்கெடுப்பில் பள்ளி லத்தீன் மாணவர்கள் 2,10,306 பேர். ஸ்பானியம் படித்தவர்களோ 73 லட்சத்துக்கும் மேல்.

வீட்டுக்கல்வியின் வளைவு வேறு திசையில் போகிறது. 1993 வாக்கில் 50 மாநிலங்களிலும் அது சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. மத்தியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் கணக்கில் 1999இல் 8,50,000 பிள்ளைகள். 2012இல் ஏறத்தாழ 17.7 லட்சம்; 2019இல் 15 லட்சம், அதாவது பள்ளி வயதினரில் 2.8 விழுக்காடு. பெருந்தொற்று வந்த 2020இல், வீட்டிலேயே கற்பிப்பதாகச் சொன்ன குடும்பங்களின் பங்கு வசந்தகாலத்தில் 5.4 விழுக்காடாக இருந்து இலையுதிர்காலத்தில் 11.1 ஆயிற்று. பள்ளியிலிருந்து வெளியேறிய லத்தீனுக்கு இந்த வீடுகளில் சில புகலிடமாயின.

பணக்கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இயேசு சபைக் குரு ராபர்ட் ஹென்லே எழுதி 1945இல் வந்த முதலாண்டு லத்தீன் நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. 14 அலகுகள், ஏறத்தாழ 500 சொற்கள். ஒரு குடும்பம் ஒரே பிரதியைப் பல ஆண்டுகள் வைத்துக்கொண்டு படிக்கிறது. சிறுவர்களுக்கான தொகுப்புகளில் மாணவர் நூல், ஆசிரியர் கையேடு, உச்சரிப்பு ஒலிப்பதிவு, காணொளி, ஃபிளாஷ் கார்டு எல்லாம் வரும். கணக்குக்காக ஆண்டுக்கு 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆறு ஆண்டுகளுக்கு 600 டாலர். அடுத்த பிள்ளைக்குப் பயிற்சிநூல் மட்டும் போதும். அதுகூடக் கையைக் கடித்தால் ஆலனும் கிரீனோவும் எழுதிய 1903ஆம் ஆண்டு இலக்கணமும், லூயிஸ்–ஷார்ட் அகராதியும் (1879) காப்புரிமை தீர்ந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதன் அருகில் ஒரே ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள். 2022 நிதியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளிகள் ஒரு மாணவருக்குச் செலவிட்டது சராசரியாக 15,633 டாலர். அரிசோனா 2022இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்ட கல்வி உதவிக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 7,000 டாலர் வருகிறது. பாடநூல்களையும் அதிலிருந்து வாங்கலாம். இந்த எண்களுக்கு முன் 100 டாலர் லத்தீன் எந்தக் குடும்பத்தின் சுமையும் அல்ல. வாரந்தோறும் ஆசிரியர் நேரலையில் நடத்தும் இணைய வகுப்பில் சேர்த்தால்தான் செலவு ஆண்டுக்குச் சில நூறு டாலர்களாக ஏறும். அப்படிச் சேர்ப்பவர்கள் உண்மையில் வாங்குவது லத்தீனை அல்ல, தாயின் நேரத்தை.

ஆகவே நேரக்கணக்கு. அமெரிக்கப் பள்ளியாண்டு 36 வாரம், 180 நாள். தொடக்க வகுப்புகளில் வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 30 நிமிடம் என்று வைத்தால் ஆண்டுக்கு 72 மணி நேரம். மூன்று ஆண்டில் 216. நடுநிலை வகுப்புகளில் ஐந்து நாள், 45 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 135. மூன்று ஆண்டில் 405. பிள்ளையின் ஏட்டில் மொத்தம் 621 மணி நேரம்.

தாயின் ஏடு வேறு. சிறு வகுப்புகளில் அவர் பாடம் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும்: 72 மணி நேரம். முந்தைய இரவு அந்தப் பாடத்தைப் புரட்டிப் பார்க்கப் பாடத்துக்கு 15 நிமிடம்: ஆண்டுக்கு 36. ஆக 108; மூன்று ஆண்டில் 324. நடுநிலை வகுப்பில் பாதி நேரம் உடனிருக்கிறார் (67.5), வாரம் அரைமணி விடைதிருத்துகிறார் (18), வாரம் ஒருமணி தானும் படிக்கிறார் (36), ஆண்டுக்கு 121.5, மூன்று ஆண்டில் 364.5. கூட்டினால் 688.5 மணி நேரம். பிள்ளையை விடத் தாய்தான் அதிக நேரம் லத்தீன் படிக்கிறார்.

மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009இலிருந்து மாறவில்லை. அந்த விகிதத்தில் பார்த்தாலே அவர் உழைப்பின் மதிப்பு 4,992 டாலர். நூல்களுக்குச் செலவான 600 டாலரைப் போல் எட்டு மடங்கு. எந்தப் பட்டியலிலும் இது விலையாக அச்சிடப்படுவதில்லை. குழந்தை பெற்று, சமைத்து, கணக்கும் வரலாறும் சொல்லித்தந்து, இரவு பத்து மணிக்கு மூன்றாம் வேற்றுமைத்தொகுதியின் ஈறுகளை முணுமுணுக்கும் ஒரு பெண் கொடுப்பது இது. அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைப் பாடத்தைப் பிரித்துப் பார்ப்போம். முப்பது நிமிடம். முதல் இரண்டு நிமிடம் லத்தீனில் ஒரு செபம். அடுத்த ஐந்து நிமிடம் ஒப்பித்தல்: அமோ, அமாஸ், அமத், அமாமுஸ், அமாதிஸ், அமந்த், பிறகு 'மென்சா' என்ற மேசையின் பத்து வடிவங்கள். எட்டு நிமிடம் ஃபிளாஷ் கார்டுகள். பத்து நிமிடம் பயிற்சிநூல்: மாலுமி நிலத்தைப் பார்க்கிறான், அரசி சிறுமியை அழைக்கிறாள் என்பதுபோல் ஐந்து வாக்கியங்கள். கடைசி ஐந்து நிமிடம் திருத்தம். இதில் எந்த நிமிடமும் வீண் அல்ல. ஆனால் அந்த ஐந்து வாக்கியங்களில் சராசரியாக நான்கு சொல் என்றால் நாளுக்கு 20 சொல். ஆண்டுக்கு 144 பாடநாள்: 2,880 சொல். பக்கத்துக்கு 300 சொல் வீதம் பார்த்தால் பத்துப் பக்கம்கூட இல்லை. 72 மணி நேரத்துக்கு விளைச்சல் பத்துப் பக்கம். அதுவும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத வாக்கியங்கள்.

மீதி நேரம் போவது ஈறுகளுக்கு. லத்தீன் பெயர்ச்சொற்களுக்கு ஐந்து வாய்பாட்டுத் தொகுதிகள். ஒவ்வொன்றிலும், விளி நீங்கலாக, ஐந்து வேற்றுமை, இரண்டு எண்: பத்து ஈறு. ஐந்து தொகுதிக்கு 50. அஃறிணைப் பால் என்று நாம் சொல்லக்கூடிய மூன்றாம் பாலுக்கு இரண்டு, மூன்று, நான்காம் தொகுதிகளில் தனி வாய்பாடு: இன்னும் 30. தமிழில் மரத்துக்கு, மனிதனுக்கு, ஊருக்கு என்று எதற்குப் போனாலும் நான்காம் வேற்றுமை 'கு'தான். லத்தீனில் அதே வேற்றுமைக்கு ஒருமையிலேயே தொகுதிக்கொரு உருபு. பெயரடை மூன்று பாலுக்கும் திரியும்: 30 இடம். வினைச்சொல்லில் செய்வினை ஆறு காலம், ஆறு இட எண் வடிவம்: 36. செயப்பாட்டுவினை இன்னொரு 36. வேண்டல், ஐயம், நோக்கம் முதலியவற்றைச் சொல்லும் சார்புவினைப் பாங்கில் நான்கு காலம், இரு வினை வகை: 48. ஏவல், எச்சம் எல்லாம் நீங்கலாகவே ஒரு வினைக்கு 120 வடிவம். தமிழ் வாசகருக்கு இதில் அந்நியத் தன்மை கொஞ்சம் குறைவு. வேற்றுமை என்ற எண்ணமே நமக்குப் பழகியது. வீரமாமுனிவர் 1728இல் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை லத்தீனிலேயே எழுதினார்; அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. ஆங்கிலம் மட்டும் அறிந்த கென்டக்கிக் குழந்தைக்கு வேற்றுமை என்பதே புதுச்செய்தி.

இந்த ஈறுகளை மனப்பாடம் செய்யாமல் முடியாது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. வருத்தம் தருவது வேறொன்று. பல குடும்பங்கள் முதல் நூலையே மூன்றுமுறை படிக்கின்றன. ஒரு பதிப்பகத்தின் சிறுவர் நூலில் தொடங்கி, பாதியில் சலித்து, அடுத்த ஆண்டு பாட்டும் படமுமான இன்னொன்று. அதற்கடுத்த ஆண்டு கூட்டுறவு வகுப்பில் மூன்றாவது. மூன்றுமே முதல் இரண்டு பெயர்த்தொகுதிகளையும் நிகழ், இறந்த தொடர், எதிர் என்னும் மூன்று காலங்களையும்தான் நடத்தும். 20 பெயரீறும் 18 வினைவடிவமும், ஆக 38. மூன்று ஆண்டின் 216 மணி நேரத்தை 38ஆல் வகுத்தால் ஓர் ஈற்றுக்கு 5.7 மணி நேரம். உச்சரிப்பும் மாறியிருந்தால் சுமை இன்னும் கூடும்: திருச்சபை முறையில் சீசர் 'சேசர்', பழைய ரோமானிய முறையில் 'கைசர்'. எட்டு வயதுப் பிள்ளை இரண்டையும் கேட்டுக் குழம்புகிறது. சுமாரான நூலை முடிப்பது, சிறந்த நூலைத் தேடி மூன்றுமுறை தொடங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

இனிச் சொற்கணக்கு. இதுதான் இந்த ஏட்டின் நடுப்பகுதி. மெமோரியா பிரஸின் பிரிமா லத்தீனாவில் 25 பாடம். பாடத்துக்கு ஐந்து சொல், ஒரு வழக்குத்தொடர், செபத்தில் ஒரு வரி. மொத்தம் 125 சொல். அடுத்து வரும் லத்தீனா கிறிஸ்தியானாவில் 25 பாடம், பாடத்துக்குப் பத்துச் சொல். இரண்டையும் கூட்டினாலும் 375ஐத் தாண்டாது. டிக்கின்சன் கல்லூரி வெளியிட்டுள்ள அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 1,000 சொல் உண்டு. ஒரு வழக்கமான லத்தீன் நூலில் வரும் சொல்வடிவங்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை அந்த ஆயிரமே அடக்கிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 300 சொல் கொண்ட ஒரு பக்கத்தில் 70 விழுக்காடு தெரியும் என்றால் 90 சொல் தெரியாது. ஒவ்வொன்றையும் அகராதியில் பார்க்க அரை நிமிடம் என்றாலும் 45 நிமிடம் அகராதியிலேயே போய்விடும். அது வாசிப்பு அல்ல, சல்லடை போடுவது. ஓரளவு தடையின்றி வாசிக்க 95 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்றும், துணையின்றி வாசிக்க 98 வேண்டும் என்றும் மொழிகற்றல் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். 95இல் தெரியாதவை 15, 98இல் ஆறு.

70க்கும் 95க்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் வீட்டு லத்தீன் பெரும்பாலும் விழுந்து நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு எல்லா வாய்பாடும் தெரியும். நாலைந்து நூறு சொல் தெரியும். அடுத்த ஆண்டு சீசரின் 'காலியப் போர்' நூலை எடுத்து வைத்தால் ஒரு வாக்கியத்துக்கு இருபது நிமிடம். பதினைந்து வயதில் அந்த இருபது நிமிடம் யாரையும் தளரவைக்கும். அங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். 621 மணி நேரம் போட்ட பிறகு.

ஆயிரம் சொல்லை ஆறு ஆண்டில் பரப்பினால் ஆண்டுக்கு 167. வாரத்துக்கு ஐந்துகூட ஆகாது. சொல் சேர்க்கத் திறன் இல்லாமல் இல்லை. சேர்ந்த சொல் தங்குவதற்கு அதை மீண்டும் மீண்டும் சந்திக்கும் உரைநடைதான் இல்லை. டென்மார்க்கின் ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய 'ஃபமிலியா ரோமானா' இந்தக் குறையைத் தீர்க்கவே கட்டப்பட்ட நூல்: 35 அத்தியாயம், 300 பக்கத்துக்கும் மேல், முதல் வரியிலிருந்து முழுக்க லத்தீனிலேயே ஒரு குடும்பத்தின் கதை. அடிமைகளை அடிக்கும் காட்சிகள் இருப்பதால் சில கிறிஸ்தவப் பெற்றோர் அதைத் தள்ளிவைக்கிறார்கள். தள்ளிவைப்பவர்கள் 28ஆம் அத்தியாயம் வரை போனால், கப்பலில் போகும் லிதியா என்ற பெண் மத்தேயு நற்செய்தியிலிருந்து வாசித்துக் காட்டுவதைப் பார்ப்பார்கள்.

கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அதைவிட நெருக்கமான ஒன்று உண்டு. இரண்டாம் வகுப்பிலேயே பிள்ளை ஒப்பிக்கும் கர்த்தரின் செபத்தை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் அது 49 சொல். அதில் ஒன்பது வினை. மூன்று ஏவல், இரண்டு சாதாரணக் கூற்று, மீதி நான்கும் சார்புவினைப் பாங்கு. 'எங்கள்' என்ற சொல் நான்குமுறை வருகிறது. நான்குமுறையும் நான்கு வேறு வடிவம்: நோஸ்தெர், நோஸ்த்ரும், நோஸ்த்ரா, நோஸ்த்ரிஸ். ஏழு வயதில் குரலில் ஏறிய அந்த நான்கு சார்புவினைகளுக்கும் பாடநூல் விளக்கம் தருவது பெரும்பாலும் நடுநிலை வகுப்பில்தான். ஐந்து ஆண்டு ஒலியாக மட்டும் கிடந்தது ஒருநாள் இலக்கணமாக விழித்துக்கொள்ளும். அந்த நாளைப் பார்த்த தாய்மார் அதை மறப்பதில்லை. தெரிந்த உரையின் வழியாகத் தெரியாத மொழிக்குள் நுழையும் இந்த வழியை 49 சொல்லோடு நிறுத்திவிட என்ன காரணம்?

அதற்கு முன் சேயர்ஸின் 50 விழுக்காட்டுக்கு விடை சொல்லிவிட வேண்டும். 1924இல் எட்வர்ட் தார்ன்டைக் 8,564 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஓராண்டு இடைவெளியில் சோதித்தார். லத்தீன் படித்தவர்களின் பொதுச் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி உயரவில்லை. 2003இல் ஜெர்மனியில் லுட்விக் ஹாகும் எல்ஸ்பெத் ஸ்டெர்னும், பள்ளியில் லத்தீன் படித்தவர்களையும் பிரெஞ்சு படித்தவர்களையும் ஸ்பானியம் கற்கவைத்து ஒப்பிட்டார்கள். இலக்கணப் பிழை குறைவாகச் செய்தவர்கள் பிரெஞ்சு படித்தவர்கள். மறுபக்கத்தில், 1970களின் தொடக்கத்தில் பிலடெல்பியா அரசுப் பள்ளிகளில் நான்கு முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 15, 20 நிமிடம் லத்தீன் சொல்லித்தந்தபோது ஆங்கிலச் சொல்வளத் தேர்வில் அவர்கள் மற்றவர்களைவிட ஒரு முழு ஆண்டு முன்னே நின்றார்கள். அந்தப் பாடத்திட்டம் ஆங்கிலச் சொற்களின் வேரைத் தேடுவதையே மையமாக வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 80,000 ஆங்கிலச் சொற்களை ஆராய்ந்த 1973ஆம் ஆண்டுக் கணக்கில் லத்தீனிலிருந்து நேரே வந்தவை 28 விழுக்காடு, பிரெஞ்சு வழி வந்தவை 28 விழுக்காடு. எனவே சொல்வளத்தில் வரவு உண்மை. பொதுவாக மூளையைத் தீட்டும் என்பதற்கு எண் துணை நிற்கவில்லை. எதைக் கற்றாலும் பாதி உழைப்பு மிச்சம் என்று ஒரு தாயிடம் சொல்லி 688 மணி நேரத்தை வாங்குவது நியாயமல்ல.

சேயர்ஸுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அதே 1947 உரையில் அவர் இன்னொன்றும் சொன்னார்: அகஸ்டஸ் காலத்துச் செவ்வியல் லத்தீனோடு நின்றுவிட வேண்டாம், பிற்கால, இடைக்கால லத்தீன் எளிது, உயிர்ப்பும் உள்ளது. 1952இல் தன் லத்தீன் கல்வியின் மிகப்பெரிய குறையைப் பற்றித் தனியாகவே ஓர் உரை ஆற்றினார். பின்வந்தவர்கள் 50 விழுக்காட்டை எடுத்துக்கொண்டார்கள். இந்த அறிவுரையைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஹென்லேயின் நூல் சீசருக்கு ஆயத்தம். வீலாக் எழுதிய பாடநூலின் 40 அத்தியாயம் (1956) பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம். ஜெரோமுக்கு ஆயத்தமாகும் பாடநூல் அபூர்வம்.

382இல் போப் தாமசுஸ் கேட்டுக்கொண்டதன்பேரில் ஜெரோம் தொடங்கிய லத்தீன் மொழிபெயர்ப்புதான் பிற்காலத்தில் வுல்காத்தா ஆயிற்று. 1592ஆம் ஆண்டு கிளமெந்து பதிப்பு இணையத்தில் இலவசம். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த குடும்பங்கள் சில அது கத்தோலிக்க நூல் என்று தயங்குகின்றன. லூத்தர் 1517இல் எழுதிய 95 கோட்பாடுகள் லத்தீனில்தான். கால்வினின் பெருநூல் 1536இல் முதலில் வந்ததும் லத்தீனில்தான். அவருக்குப் பின் ஜெனீவாவை வழிநடத்திய பேசா புதிய ஏற்பாட்டையே லத்தீனில் பெயர்த்தார். தயங்குகிறவர்கள் பேசாவைக் கையில் எடுக்கலாம். லத்தீனில் வேதம் வாசித்தது அவர்களுடைய முன்னோர்தான்.

யோவான் நற்செய்தி 21 அதிகாரம், 879 வசனம். நாளுக்கு ஐந்து வசனம் வாசித்தால் 176 நாள். பள்ளியாண்டு 180 நாள். ஒரே ஆண்டில் முழு நற்செய்தி முடிந்து நான்கு நாள் மிஞ்சுகிறது. கிரேக்க மூலத்தில் யோவான் கையாண்ட வெவ்வேறு சொற்கள் ஏறத்தாழ ஆயிரம்தான். ஒளி, வாழ்வு, உலகு, அறிதல், அனுப்புதல் என்று அவையே சுற்றிச்சுற்றி வருகின்றன. முதல் ஐந்து அதிகாரத்தைக் கடந்த பிள்ளைக்கு ஆறாவதில் புதுச்சொல் கொஞ்சமே. அதோடு கதை தெரியும். வசனங்கள் பல தாய்மொழியில் மனப்பாடமாகவே தெரியும். கானா ஊர்க் கலியாணத்தில் எது தீர்ந்துபோனது என்று தெரிந்த குழந்தைக்கு அங்கே வரும் லத்தீன் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. 70 விழுக்காடு அறிந்தவரை 95க்கு இழுத்துவரும் உந்துதல் வேறெந்த லத்தீன் நூலிலும் இவருக்குக் கிடைக்காது. விர்ஜிலின் காவியம் 9,896 அடி; நாளுக்குப் பத்து அடி என்றாலும் 990 நாள், ஐந்தரைப் பள்ளியாண்டு. அதற்கும் போகலாம், போக வேண்டும், யோவானைக் கடந்தபின்.

கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ் தன் மூன்றாண்டுச் சுழற்சியில் ஓர் ஆண்டின் 24 வாரத்தை நெடுங்காலம் யோவான் முதல் அதிகாரத்தின் ஏழு வசனங்களுக்கு ஒதுக்கி வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். அந்த ஏழையும் மனப்பாடம் செய்த பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு வந்து வாய்பாடுகளைக் கையில் பெற்றதும், மீதி 872 வசனங்களை யாராவது அவர்கள் முன் விரித்துவைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஏழாம் வகுப்பில் ஒரு 45 நிமிடப் பாடத்தில் 20 நிமிடம் போதும். தாய் ஒரு வசனத்தை உரக்க வாசிக்கிறார், பிள்ளை திருப்பி வாசிக்கிறது, வினைச்சொல் எது என்று மட்டும் ஒரு கேள்வி, பொருளைத் தன் மொழியில் சொல்கிறது, அடுத்த வசனம். விடைக்கையேடு தேவையில்லை, விடை வீட்டிலுள்ள வேதாகமத்தில் இருக்கிறது. லத்தீன் தெரியாத தாய்க்கு இதைவிட நம்பகமான ஆசிரியர் கையேட்டை எந்தப் பதிப்பகமும் தரமுடியாது.

இரண்டாவது பிள்ளைக்கு வரும்போது ஏட்டின் எண்கள் மாறும். நூல்செலவு பயிற்சிநூல் அளவுக்கு இறங்கும். சிறு வகுப்புகளில் முந்தைய இரவுத் தயாரிப்பு தேவைப்படாது: ஆண்டுக்கு 36 மணி நேரம். நடுநிலை வகுப்பில் தானே படிக்க வைத்திருந்த வாரம் ஒருமணியும் மிச்சம்: அதுவும் 36. ஆறு ஆண்டில் 216 மணி நேரம் தாயின் கையில் மீள்கிறது. அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளாமல், தினம் அரைமணி வீதம் அதே ஐந்து வசனங்களைத் தனக்காக வாசித்தால் யோவான் 88 மணி நேரம். 678 வசனம் கொண்ட மாற்கு 136 நாள், 68 மணி நேரம். மீதம் 60 மணி நேரம், அதாவது 120 நாள். சங்கீதங்கள் 150, அவற்றில் மிக நீளமானது, வுல்காத்தாவில் 118ஆம் எண்ணில் வருவது, 176 வசனம், 36 நாள். அதை முடித்த பிறகும் 84 நாள் இருக்கிறது.